கிட்டங்கிக்குப் போனாயா?

பள்ளத்தூர்

அன்பு மகனுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது.

"சிங்கப்பூரில் பாட்டையா இருந்த கிட்டங்கிப் பக்கம் போனாயா?" என்று போனில் கேட்டதற்குச் சிரித்தாய். "குடோன்னு சொல்லுங்க ஆத்தா. கோ, டவுன். கீழே இறங்கிப் போய்ச் சாமான் வைக்கிற இடம், இங்கிலீஷ் வார்த்தை" என்று பாடம் வேறு நடத்தினாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வாங்கிக்கொள்.

இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மலாயில் குடாங் என்பார்கள். உன் ஆபீஸிலேயே கேட்டுப் பார். 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து இங்கிலீஷுக்குப் போனது. மலாய்க்காரர்களுக்குக் கொடுத்தது நம் கரை. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, தெலுங்கு கிட்டங்கியையும் தமிழ்க் கிடங்கையும் சேர்த்தே காட்டுகிறது. சரக்கு 'கிடக்கிற' இடம். எல்லாம் தமிழ்தான் என்று உன் பெரியப்பச்சி மாதிரி நான் மார்தட்ட மாட்டேன். நம் செட்டியார்கள் வாயில் வரும் 'கிட்டங்கி'யும் தெலுங்குக்காரர் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதானே!

வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் கிடந்தது சரக்கு இல்லை, செட்டியார்கள். ஒரே கூடத்தில் பல கடைகள். ஆளுக்கு ஒரு பெட்டி, முன்னால் கணக்கெழுத ஒரு சாய்வு மேசை. பகலில் வட்டிக்கடை, ராத்திரி அங்கேயே படுக்கை.

பெட்டி என்றதும் இன்னொன்று. காசுதான் கேஷ் ஆனது என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பாதே. ரொக்கத்தைச் சொல்லும் கேஷ், பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் 'காப்சா'. அர்த்தம் பெட்டி! கீழை நாட்டுச் சில்லறை நாணயங்களை வெள்ளைக்காரர்கள் கேஷ் என்றார்களே, அதுதான் போர்த்துக்கீசியர் கொண்டுபோன நம் காசு. இரண்டும் ஒரே மாதிரி ஒலித்துப் போயின. பெட்டியடியில் உட்கார்ந்து வேலை பழகிய பாட்டையா இதைக் கேட்டிருந்தால் இடுப்பு வேட்டி அவிழச் சிரித்திருப்பார்.

அந்தக் கிட்டங்கிகளை இடித்தாயிற்று என்று தெரியும். தெரு இருக்கிறதல்லவா? மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் போனால் பெயர்ப்பலகையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பச்சி தினம் கேட்கிறார்கள்.

ஆத்தா