துரைப்பாக்கத்தில் வரைய என்ன இருக்கிறது?

அன்புள்ள செல்விக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறி இறங்குகிறாள். போனிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலைக்கு நடுவில் பேசுகிறாய், எனக்கும் அவசரத்தில் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து படி.

போன வாரம் சென்னையிலிருந்து நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "இங்கே வரைய என்னப்பா இருக்கு? கும்பகோணத்துல குளம் இருந்துச்சு, மதுரைன்னா கோபுரம் இருக்கு. இங்கே கண்ணாடி பில்டிங்கும் மெட்ரோ தூணும்தான்" என்றாய். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் கேம் படம் போட்டுவிட்டு வருகிறவளுக்கு அலுப்பு இருக்கும், அது புரிகிறது. ஆனால் வரைய ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லாதே அம்மாடி. அதற்கு எனக்குப் பதில் தெரியும்.

மனோகர் தேவதாஸ் படங்களை நீ பார்த்திருப்பாய். 1936-இல் இதே மதுரையில் பிறந்தவர். வேதியியல் படித்தவர், சென்னையில் பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்தவர். உன்னை மாதிரி காலையில் ஆபீஸ் போய் வந்தவர்தான். அவருக்கு விழித்திரையில் ஒரு நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் நடுவில் கொஞ்சம்தான் மிஞ்சும். அதோடு 1972-இல் ஒரு சாலை விபத்து. அவர் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துவிட்டது. அதன்பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த அம்மாவை உடனிருந்து பார்த்துக்கொண்டார். அந்த வாழ்க்கைக்கு நடுவில்தான் இவ்வளவு படங்களையும் வரைந்தார். யானைமலையும் மகாலும் கோபுரமும் அவர் சிறுவனாகச் சுற்றிய தெருக்களும் நுணுக்கமான பேனாக் கோடுகளில் இருக்கின்றன. அப்புறம் தான் வாழ வந்த சென்னையின் பழைய கட்டடங்களையும் விடவில்லை. அவற்றை வாழ்த்து அட்டைகளாக அச்சடித்து, அந்தப் பணத்தை நல்ல காரியங்களுக்குக் கொடுத்தார்கள். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் காலமானார்.

அவருடைய மதுரைப் படங்களை நான் பார்க்கும்போது கட்டடத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தப் பொறுமை. கண்ணில் மிச்சமிருந்த கொஞ்சம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு கல்லுக்கு இத்தனை கோடு போட்டிருக்கிறாரே என்று தோன்றும். ஊரின் மேல் அவ்வளவு பிரியம் இருந்திருக்கிறது. உனக்குக் கண் நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது.

சரி, இன்னும் பின்னால் போகிறேன். 1792-இல் தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் தென்னாடு முழுக்கச் சுற்றினார்கள். மதுரைக்கும் வந்து திருமலை நாயக்கர் மகாலை வரைந்தார்கள். அந்தப் படத்தின் பிரதியைத் தேடிப் பார். நாம் பள்ளிக்கூடத்தில் டூர் போய்ப் பார்க்கிற மகால் அதில் இல்லை. இடிந்த சுவரும் கல்லிடுக்கில் முளைத்த செடியுமாகக் கிடக்கிறது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெயர்த்து எடுத்தது போக மிஞ்சியது வெயிலிலும் மழையிலும் கிடந்த நிலை அது. 1866-க்குப் பிறகு நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோதுதான் செப்பனிட்டார்கள். அதற்கு முன்னால் மகால் எப்படி இருந்தது என்று எழுத்தில் எவ்வளவு சொன்னாலும், அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. போட்டோ வருவதற்கு ரொம்ப முந்திய காலம். கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். எதிரே இருப்பதன் உருவம் அதன் வழியாகத் தாளில் விழும், அதன்மேல் கோடு போட்டுக்கொள்ளலாம். அப்படியும் வெயிலில் நின்று கையால்தான் வரைய வேண்டும். நம் ஊரைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள். முழுக்கத் தெரியாதுதான். ஆனால் எதிரே இருந்ததைப் பார்த்தார்கள்.

எங்கள் தொழிலையும் நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். போர்டு எழுதினேன், சுவர் விளம்பரம் எழுதினேன், சினிமா பேனருக்கும் போனேன். ஃபிளெக்ஸ் வந்து அந்த வேலையெல்லாம் போகும்வரை அதுதான் நம் சோறு. பேனரில் எப்படி வரைவோம்? ஸ்டில் போட்டோ கொடுப்பார்கள். அதில் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றுவோம். அதில் பெரிய கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். இருபது அடி முகத்தைக் கீழே நின்று பார்த்தால் அச்சு அசலாக இருக்கும். அந்தக் கைத்திறமையை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் போட்டோவை மட்டும்தான். போட்டோவில் கன்னத்து நிழல் கறுப்பாக இருந்தால் எங்கள் பேனரிலும் கறுப்பு. நேரில் பார்த்தால் நிழலுக்குள் நீலம் இருக்கும், பழுப்பு இருக்கும், பக்கத்துச் சுவரின் மஞ்சள் வந்து விழுந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், செல்லில் படம் எடுத்து வீட்டுக்குப் போய் வரையாதே. அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரை.

புதுமண்டபம் உனக்கு நினைவிருக்கும். மீனாட்சி கோயில் கீழக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள், ஒவ்வொன்றிலும் சிலை. நீ ஐந்தாவது படிக்கும்போது உன் பாவாடை சட்டையை அங்கேதான் தைக்கக் கொடுத்தோம். யாளியின் காலடியில் தையல் மெஷின், தூணுக்குத் தூண் கயிறு கட்டி அதில் தைத்து முடித்த துணிகள், அந்தப் பக்கம் வளையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை. உள்ளே எப்போதும் அரை இருட்டு. மெஷினுக்கு மேலே தொங்கும் பல்பின் வெளிச்சம் தையல்காரரின் கையிலும் துணியிலும் விழுந்து, மேலே ஏற ஏற மங்கி, யாளியின் வாய்க்குப் போகும்போது வெறும் கோடாகத் தெரியும். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு அது நல்லதுதான், கல்லெல்லாம் புகையும் எண்ணெயுமாக இருந்தது. ஆனால் மெஷினும் யாளியும் ஒன்றாக இருந்த அந்தக் காட்சி இனி இல்லை. டேனியல் காலத்து மண்டபத்துக்குப் படம் இருக்கிறது. நான் பார்த்த மண்டபத்தை யாராவது உட்கார்ந்து நிறைய வரைந்து வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆசைப்படுவேன்.

இப்போது உன் இடத்துக்கு வருகிறேன். போன முறை உன் ரூமுக்கு வந்திருந்தபோது நீ ஆபீஸ் போனதும் நான் கீழே இறங்கி ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாக நடந்தேன். அங்கே மெட்ரோ தூண் பக்கத்தில் ஒரு இளநீர் வண்டி நிற்கும், நீ பார்த்திருக்கிறாயா? அந்த ஆளுக்குக் குடை கிடையாது. தூணின் நிழல்தான் கூரை. காலையில் தூணுக்கு மேற்கே நிற்பார். வெயில் ஏற ஏற நிழல் நகருமே, அவரும் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, கல்லை மறுபடி வைப்பார். உச்சி வெயிலில் நிழல் தூணடியில் ஒடுங்கிவிடும், அப்போது வண்டியை விட்டுவிட்டுத் தான் மட்டும் தூணில் சாய்ந்து நிற்பார். சாயங்காலம் வண்டி கிழக்கே வந்துவிடும். மஞ்சள் ஹெல்மெட் போட்ட வடக்கத்திப் பையன்கள் இளநீர் குடித்துவிட்டு அதே நிழலில் குந்துவார்கள். எதிரே கண்ணாடிக் கட்டடத்தில் இத்தனையும் இடம் வலமாகவும் கோணலாகவும் உடைந்து தெரிகிறது. இதை யாளித் தூணுக்குக் குறைந்த காட்சி என்று என்னால் சொல்ல முடியாது. மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் அந்த வண்டி அங்கே நிற்குமா என்று யாருக்குத் தெரியும்?

அங்கிருந்து பள்ளிக்கரணைக்கு எவ்வளவு தூரம்? சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்ததே, அதுதான். தண்ணீருக்குள் கூழைக்கடா, அதற்குப் பின்னால் பெருங்குடி குப்பைமேடு, அதற்கும் பின்னால் உங்கள் கண்ணாடிக் கட்டடங்கள். குப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி வருகிறார்கள், அதனால் அந்த மேடும் நாளைக்கு இதே உருவத்தில் இருக்காது. கண்ணகி நகர் சுவர்களில் 2020-இலிருந்து வெளியூர் ஆட்களும் வெளிநாட்டு ஆட்களும் வந்து பெரிய பெரிய ஓவியம் வரைந்திருக்கிறார்கள், அதையும் போய்ப் பார். நகரத்துக்கு நடுவில் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த ஜனங்களின் சுவர்கள் அவை. அந்த ஓவியத்துக்குக் கீழே ஒரு அம்மா குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தால், அவரையும் சேர்த்து வரை.

உங்கள் துறையிலேயே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இருக்கிறார். எழுத்தும் குறியுமாக வரைந்ததற்காகத்தான் அவரைப் பெரிதாகப் பேசுகிறார்கள். 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவ முன்னால் நின்றவர் என்றும் பேசுகிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் அவர் வரைந்தது நீர்வண்ணத்தில் நிலக்காட்சிகள்தான். இதை நீதான் எனக்குச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

அப்பா எனாமல் பெயின்ட் ஆள், வாட்டர் கலரில் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. வெயிலைப் பற்றி மட்டும் சொல்லலாம், வாழ்க்கை முழுக்கச் சுவரில் அதோடுதான் வேலை. போனவுடன் முதலில் நிழல் எங்கே விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள். ஒரு மணி நேரத்தில் அது இடம் மாறிவிடும், மாறிய பிறகு அதைத் துரத்தாதே. முதலில் குறித்ததையே வைத்து முடி. ஏழு மணிக்குப் போய் ஒன்பதுக்குள் எழுந்துவிடு. யாராவது பின்னால் நின்று பார்த்தால் கூச்சப்படாதே. நான் சாரத்தில் நின்று எழுதும்போது கீழே எப்போதும் நாலு பேர் நிற்பார்கள், எழுத்துப் பிழையைச் சொன்னவர்களும் அவர்கள்தான். தனியாகப் போகாமல் உன் ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு போ. அந்த இளநீர்க்காரரிடம் கேட்டுவிட்டு வரை, ஒரு இளநீரும் வாங்கிக் குடி.

கூரியரில் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். 300 ஜி.எஸ்.எம். கெட்டித் தாள் கொண்ட நோட்டு ஒன்று, நீ கல்லூரியில் வைத்திருந்த அணில்முடி பிரஷ் இரண்டு, கேம்லின் ட்யூப் பெட்டி. பழைய பெட்டியில் வெள்ளை மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதனால் புதிதாக வாங்கிவிட்டேன். அம்மா முறுக்கு டப்பாவையும் அதிலேயே வைத்துவிட்டாள். தாளில் எண்ணெய் பட்டால் கலர் பிடிக்காது, பார்சல் வந்தவுடன் நோட்டைத் தனியாக எடுத்து வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, நான் பார்க்க வேண்டும். லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுச் சொல்லு, டிக்கெட் தீர்ந்துவிடும்.

அன்புடன்,
அப்பா