நாலாவது படி மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளியை மதிப்பிடுதல், பிரச்சினையைக் கண்டறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், விளைவைப் பார்த்தல். செவிலியர் செயல்முறையின் இந்த ஐந்து படிகளும் நர்சிங் மாணவிகளுக்குத் தலைகீழ்ப் பாடம். வார்டுக்கு வந்தபின் கேஸ் ஷீட்டில் மிஞ்சுவது நாலாவது படி மட்டும்தான்: ஊசி போட்டாச்சு, ட்ரிப் ஏத்தியாச்சு. இதற்குச் செவிலியரின் அலட்சியமே காரணம் என்று பழிபோடுவது சுலபம்.

நம் டெல்டா வயல்களிலிருந்து வரும் பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிவிரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்து, உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால் சோதனையையே நம்ப முடியாது. கட்டுவிரியன் கடியில் வீக்கம் அநேகமாக இருக்காது; தசைகள்தான் தளரும். இமை சரிகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்க்க வேண்டும். முதலில் 25, ஒரு மணி நேரம் கழித்து 14 என்று ஷீட்டில் இருந்தால், அடுத்து வருபவர் ஆம்பு பேக்கை (கையால் அழுத்திச் செயற்கை மூச்சு கொடுக்கும் பை) தலைமாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ‘நோயாளி நலம்’ என்று மட்டும் எழுதியிருந்தால்?

விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏறத் தொடங்கியதும் முதல் அரை மணி நேரம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், தோல் தடிப்பு பார்க்க வேண்டும். 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய்ச் சோதனை. அதற்குள் பெரும்பாலும் டியூட்டி மாறிவிடும். விட்டுப்போவதும் இந்தச் சோதனைதான்.

பொது வார்டில், கற்பிக்கும் மருத்துவமனையானால் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர், விடுப்புக்கென 30 விழுக்காடு கூடுதல் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவில் வார்டு முழுவதற்கும் ஒருவரை நிறுத்தி, இண்டென்ட் (மருந்து, பொருள் கேட்டு எழுதும் பட்டியல்), ஸ்டாக் ரிஜிஸ்டர், டிஸ்சார்ஜ் பதிவு எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டினால் 5 நிமிடக் கணக்கு எங்கே நிற்கும்?

பணியிடம் நிரப்புவது அரசின் கையில். படிவத்தை மாற்ற அந்தந்த மருத்துவமனையே போதும். பாடப்புத்தகப் பாணியில் வெற்றுக் கட்டங்கள் போட்ட பராமரிப்புத் திட்டத் தாளைப் பத்தி பத்தியாக நிரப்ப யாருக்கு நேரம்? பாம்புக்கடிக்கென்று ஒரே பக்கம் அச்சிடலாம்: நேரம், பேனாவால் குறித்த வீக்க எல்லை, இமை, ஒரே மூச்சில் எண்ணியது எத்தனை, சிறுநீர் அளவு, அடுத்த குழாய்ச் சோதனை எத்தனை மணிக்கு. பக்கவாதம், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு ஆகியவற்றுக்கும் இப்படியே.

டியூட்டி ஒப்படைப்பு மேசையில் நடக்காமல் கட்டிலருகே நடக்கட்டும். ரவுண்ட்ஸ் வரும் கண்காணிப்பாளரும் ரிஜிஸ்டர் நிரம்பியிருக்கிறதா என்று புரட்டுவதற்கு முன், ‘காலையில் பார்த்ததற்கு இப்போது இவரிடம் என்ன மாற்றம்?’ என்று கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை,
மன்னார்குடி.