சுளகு மடியில் இருந்தால்

அன்பு மகள் செல்விக்கு,

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் "அம்மா, மீட்டிங், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் கடிதம். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ அழுதது மனசை விட்டுப் போகவில்லை. "காலையிலிருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்தே இருக்கேன், என்ன முடிச்சேன்னு பார்த்தா ஒண்ணுமே இல்லைம்மா" என்றாய். ஆபீஸ் போக வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை என்றதும் இங்கே எல்லாரும் நீ கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றிய ஊரில் 31 வருஷம் திண்ணையில் உட்கார்ந்து சுற்றியவள் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு வேலை பார்க்கிற பாடு தெரியும்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார், அதான் உன் ஆச்சி, நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவார். "உட்கார்ந்த இடத்திலதானே இருக்கே, அந்தத் தண்ணியை எடு. சும்மாதானே இருக்கே, அடுப்பைப் பாரு." எழுந்து எழுந்து போய் வருவேன். சாயங்காலம் பார்த்தால் 15 கட்டுகூடத் தேறாது. கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால்தான் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. 15 கட்டுக்கு என்ன கூலி வரும்? பக்கத்து வீட்டு மதினிதான் ஒருநாள் சொன்னாள்: "நீ பீடியைத் தரையில வச்சிச் சுத்துறே. அதான் உன்னைக் கூப்பிடுதாவ. சுளகை மடியில தூக்கி வை." அன்றைக்கே வைத்தேன். இலையும் தூளும் நிறைந்த சுளகு, உங்கள் ஊரில் முறம் என்பார்களே, அது மடியில் இருந்தால் சட்டென்று எழுந்திருக்க முடியாது, பார்க்கிறவர்களுக்கும் எழுப்ப மனம் வராது. ஒரு வாரத்தில் ஆச்சியே தண்ணீர் மோந்து குடிக்க ஆரம்பித்தார்.

உன் வேலையில் அந்தச் சுளகு இல்லை. போன தடவை சென்னைக்கு வந்தபோது பார்த்தேனே. கட்டிலில் சாய்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். உன் மாமியார் கண்ணுக்கு நீ படம் பார்ப்பதும் வேலை செய்வதும் ஒன்றாகத்தான் தெரியும். அவர்மேல் குற்றம் இல்லை. எனக்கே தெரியவில்லை, நானும்தான் "கொத்தமல்லி எங்கே இருக்கு" என்று நடுவில் வந்து கேட்டேன். பேரன் கேட்கவே வேண்டாம். அம்மா படுக்கையில் இருந்தால் அவனுக்கு அது விளையாட்டு நேரம்.

அதனால் முதலில் கட்டிலை விடு. சுவரைப் பார்த்து ஒரு மேசை போடு, சின்னதாக இருந்தாலும் போதும். அப்புறம், சொன்னால் சிரிப்பாய், ஆபீசில் கொடுத்த அந்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார். அட்டை கழுத்தில் இருந்தால் அம்மா ஆபீசில் இருக்கிறாள், கழற்றினால் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று பேரனிடம் சொல். மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது, அட்டை தெரியும். எழுந்து அவனிடம் போகும்போது மறக்காமல் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? எனக்கு இலை வரத்து நின்றுபோய்க் கை சும்மா இருந்தது. என் திண்ணையில் நீ உட்கார்ந்தாய். கரண்டு போகும், சிக்னல் கிடைக்காமல் மொட்டை மாடிக்கு ஓடுவாய். இருந்தும் ஆறு மணிக்கெல்லாம் முடித்துவிட்டு என்னோடு தாயக்கட்டை விளையாட வந்தாய். இப்போது ஏசி அறையும் நல்ல இன்டர்நெட்டும் இருந்து முடியவில்லை என்கிறாய். உனக்குப் புத்தி சிதறுகிறது, சோம்பேறியாகிவிட்டேன் என்றெல்லாம் சொன்னாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு வாசலில் நான் காவல் இருந்தேன். யார் வந்தாலும் "பிள்ளை வேலையில இருக்கா" என்று திருப்பி அனுப்பினேன். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காவலை இப்போது மாப்பிள்ளைதான் இருக்க வேண்டும். உன் மாமியாரிடம் நீ சொன்னால் மருமகள் வாய் என்று ஆகிவிடும், மகன் சொன்னால் சாதாரணப் பேச்சு. அவரிடம் கேள். கேட்க வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

காலையில் உட்கார்ந்ததும் எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை என்றாயே. பீடி இலையை ராத்திரியே தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்காவிட்டால் மறுநாள் இலை நொறுங்கும், கத்தரி வைக்கவே முடியாது. தூக்கம் கண்ணைச் சுற்றினாலும் இலை நனைக்காமல் நான் படுத்ததில்லை. நீயும் லேப்டாப்பை மூடும் முன்பு மறுநாள் முதல் வேலை எது என்று ஒரு தாளில் ஒரே வரி எழுதி அதன்மேல் வைத்துவிடு. காலையில் வெட்டு மட்டும் வெட்டுவேன், ஆயிரத்துக்கான இலையும் தீரும்வரை. பிறகு சுற்று மட்டும். நாலு இலை வெட்டி நாலு பீடி சுற்றினால் கை இரண்டிலும் ஓடாது. நீ மெயிலையும் பார்த்து, கம்ப்யூட்டர் கோடும் எழுதி, நடுவில் அந்தச் சாட் மெசேஜுக்கும் பதில் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

தக்காளிக் கடிகாரம் பற்றிச் சொன்னாய் அல்லவா, 1980களின் கடைசியில் யாரோ ஒரு இத்தாலிக்காரர் தக்காளி மாதிரி இருந்த சமையலறை மணியை வைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று பழகினார் என்று. மாணவனாக இருந்தபோது அவருக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லையாம். நம் கட்டுக்கும் 25தான்! கை ஓடினால் ஒரு கட்டுக்குக் கால் மணி நேரம். 40 கட்டு பாக்கி என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும், இந்தக் கட்டு என்று மட்டும் நினைப்பேன். நூல் கட்டி ஓரமாக வைத்துவிட்டு இடுப்பை நெளிப்பேன். நல்ல முறைதான், செய்து பார். ஆனால் ஒன்று, நான் ரேடியோ கேட்டுக்கொண்டே சுற்றுவேன், என் கைக்கு மூளையின் துணை வேண்டாம். உன் வேலை அப்படி இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு நல்லது, உனக்கு அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

ரேடியோவால் எனக்குக் கெடுதல் வரவில்லை, டிவி வந்துதான் கெடுத்தது. நம் வீட்டுக்கு டிவி வாங்கிய வாரம் மட்டும் கடையில் என் பீடியில் ஆறு கட்டைக் கழித்துவிட்டார்கள், சுற்று தளர்ந்திருக்கிறது என்று. கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, இலைக் கணக்கு மட்டும் நம் தலையில். அப்புறம் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உன் போன்தான் உனக்கு டிவி. அதை வேலை முடிகிற வரைக்கும் அடுக்களையில் அரிசி டப்பா மேல் வை. எழுந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பாதித் தடவை எடுக்க மாட்டாய்.

சாயங்காலம் பீடிக்கடை மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். நடக்கிற பத்து நிமிடத்தில் கைகால் நிமிரும். எண்ணிக் கொடுத்துவிட்டு மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்கித் திரும்பும்போது அன்றைய வேலை முடிந்தது என்று மனசுக்குத் தெரியும். உனக்குக் கடை இல்லை, அதனால்தான் பத்து மணியாகிறது. மாலையில் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பேரனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஒரு எட்டு போய் வா.

எல்லாம் சரியாகச் செய்தவள் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். கடை நேரம் தவறிய நாட்களில் ராத்திரி பதினோரு மணி வரை மறுநாள் கணக்குக்குச் சுற்றியிருக்கிறேன். நீ ஐந்தாம் வகுப்புப் படித்தபோது வீட்டுப்பாடத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு உன்னைப் பீடி முனை மடக்க உட்கார வைத்திருக்கிறேன். தூள் நெடியில் நீ தும்மிக்கொண்டே மடக்குவாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வராது. பேரன் சத்தம் போடாமல் இருக்க அவன் கையில் போனைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தாயே, அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் ஏது?

அப்புறம், நல்ல நாற்காலி ஒன்று வாங்கு. காசைப் பார்க்காதே. தரையில் உட்கார்ந்த என் இடுப்பையும் முட்டியையும் நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிறாய்.

பெட்டியை ஒதுக்கும்போது என் பீடித் தொழிலாளி அட்டை கிடைத்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆச்சிக்குத்தான் அது தெரியாது! 1976-இல் வந்த நல நிதிச் சட்டத்தால்தான் பீடித் தொழிலாளி பிள்ளைகளுக்குப் படிப்புப் பணம் வந்தது, உனக்கும் அந்த அட்டையைக் காட்டித்தான் வாங்கினோம். படத்தில் உன் இப்போதைய வயதுதான் எனக்கு. அப்படியே உன் மூக்கு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கருப்பட்டியும் முறுக்கும் போட்டுவிடுகிறேன், கோயம்பேட்டிலா கிளாம்பாக்கத்திலா எங்கே இறக்குவார்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்லச் சொல். சம்பந்தியம்மாவுக்குத் தனிப் பொட்டலம் கட்டியிருக்கிறேன், அதை நீயே கையில் கொடு. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இல்லையென்றால் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா