விலையைத் தேடிய விரல்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். கோயம்புத்தூரிலிருந்து நீ அனுப்பிய லிங்க் வந்ததும் திறந்து பார்த்தேன். பகலெல்லாம் தைத்துவிட்டு, ராத்திரியில் கண் விழித்து உன் கடைக்கு நீயே வெப்சைட் செய்திருக்கிறாய். மனசு நிறைந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில்தான் போனில் "ரொம்ப நல்லா இருக்கு பாப்பா" என்றேன். அப்புறம் இரண்டு நாளாக அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

நேற்று பக்கத்து வீட்டுச் சித்தி வந்திருந்தார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம், ஆரி வேலை செய்த பிளவுஸ் மூன்று வேண்டும் என்றார். அவர் போனிலேயே உன் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். கடை யாருடையது என்று சொல்லவில்லை. "இங்க என்ன விலை, எத்தனை நாள்ல தருவாங்கன்னு பாருங்க" என்றதோடு சரி, அப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

முதல் படம் பாதி வந்து நின்றது. சித்தி காத்திருந்தார். முழுசாக வந்ததும் அதன் மேல் இருந்த வரியைப் படிக்க ஆரம்பித்தார், அதற்குள் படம் நகர்ந்து அடுத்தது வந்துவிட்டது. விரலால் பழையதை இழுத்துப் பார்த்தார், அது மறுபடி ஓடியது. கீழே போனார். 'எங்கள் பயணம்' என்று நீ எழுதியிருந்த நாலு பத்தியைக் கடந்தார். விலை இல்லை. மேலே வந்தார், திரும்பக் கீழே போனார். கடைசியில் போன் நம்பரைக் கண்டுபிடித்து அழுத்தினார். நம்பர் படத்துக்குள் இருந்ததால் அழைப்பு போகவில்லை. ஆறு எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே டயல் பண்ணப் போனார், மீதி நாலு மறந்துவிட்டது. "அப்புறம் பாக்கறேன்" என்று போனை மடியில் வைத்துவிட்டார்.

எனக்கு வயிறு பிசைந்தது கண்ணு. ஆனாலும் நடுவில் நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. உன் பக்கத்தைத் திறக்கிற எல்லோர் பக்கத்திலும் நானோ நீயோ உட்கார்ந்து சொல்லித்தர முடியாது. நீ முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஐந்து பேரிடம் போனைக் கொடு, ஒரே ஒரு வேலை சொல், பேசாமல் விரலை மட்டும் பார். ஐந்து பேரே போதும், பெரும்பாலான குறை அதிலேயே தெரிந்துவிடும் என்று, வெப்சைட்டை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். அந்த ஐந்து பேரில் உன் கம்ப்யூட்டர் சிநேகிதிகளைச் சேர்க்காதே. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட ஒருவராவது இருக்கட்டும்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணியை விரித்ததுமே கடைக்காரர் விலையைத்தான் கூவுவார். டிசைனுக்கு டிசைன் விலை மாறும் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். தொடங்கும் விலையைப் போடு, கழுத்துக்கு மட்டும் வேலை என்றால் இவ்வளவு, கையும் சேர்ந்தால் இவ்வளவு என்று போடு. பக்கத்தைத் திறந்ததும், விரலை நகர்த்துவதற்கு முன்பே நாலு விஷயம் தெரிய வேண்டும்: என்ன தைக்கிறாய், எந்த ஊர், எவ்வளவு ஆகும், எத்தனை நாள். ஓடுகிற படத்தை எடுத்துவிட்டு நல்ல படம் ஒன்றை நிற்க வை. நம்பரை எழுத்தாகவே அடித்து, தொட்டால் அழைப்பு போகிற மாதிரி இணைப்புக் கொடு. வாட்ஸ்அப்புக்கும் அப்படியே. உன் கதையை நீக்க வேண்டாம், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. தனிப் பக்கத்தில் இருக்கட்டும்.

படம் பாதியில் நின்றதற்கு ஒரு வகையில் நான்தான் காரணம். சின்ன வயசிலிருந்து என் டிடிபி கடையில் "முந்நூறு டிபிஐ இல்லாத படத்தைக் கொண்டு வராதே" என்று கேட்டே வளர்ந்தவள் நீ. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி, அச்சுக்கு அது சரி. திரையில் அந்தக் கணக்கு செல்லாது, குறுக்கே எத்தனை பிக்சல் என்பதுதான் பேச்சு. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறாய், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி. 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்று கூகுளே இலவசமாகத் தருகிறது. உன் வெப்சைட் முகவரியைப் போட்டால் போனில் எப்படி, கம்ப்யூட்டரில் எப்படி என்று தனித்தனியாகக் காட்டும். திரையில் பெரிதாக இருக்கிற படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதை எட்டினால் போதும், நூற்றுக்கு நூறு வாங்க மெனக்கெட வேண்டாம்.

படம் என்றதும் இன்னொன்று. கடைக்கு வருகிற பெண்கள் பிளவுஸை எடுத்ததும் என்ன செய்கிறார்கள், நீயே பார்த்திருப்பாய். கையைப் பிடித்து உள்பக்கமாகத் திருப்புவார்கள். முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா, லைனிங் கொடுத்திருக்கிறதா, ஜரிகை உடம்பில் குத்துமா என்று விரலால் தடவுவார்கள். உன் பக்கத்தில் உள்பக்கப் படம் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கையின் ஓரத்தைக் கிட்டத்தில் ஒன்று, அதையே திருப்பிப் போட்டு ஒன்று எடு. உன் வேலையின் சுத்தம் அங்கேதான் தெரியும்.

இனி எழுத்து. இதில் அம்மா கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன். என் பழைய ஃபைலிலிருந்து நீ எடுத்த துணி பராமரிப்புக் குறிப்பு பாமினி ஃபாண்டில் அடித்தது. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய வகை அது. ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்திருக்கும், அதனால்தான் படமாக்கிப் போட்டுவிட்டாய். அப்படிப் போட்டால் கூகுளில் தேடுகிறவருக்கு அது கிடைக்கும் என்று நம்ப முடியாது. கண் தெரியாதவருக்குப் போன் படித்துக் காட்டுமே, அதற்கும் அது வெறும் படம். பாமினியை, எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் படிக்கிற யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியதும் ஒருமுறை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார், ஒன்றிரண்டு எழுத்து பிறழும். 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அதே வருஷம்தான் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் செய்த உலகின் முதல் வலைத்தளம் வெளியாருக்கும் திறந்தது. அதன் பழைய பிரதியை செர்ன் இன்னும் வைத்திருக்கிறது. வெறும் எழுத்தும் இணைப்பும்தான், என் பழைய போனிலும் சட்டென்று திறக்கிறது.

நாலு ஃபாண்ட் போட்டிருக்கிறாய், இரண்டு போதும். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம், பத்தி எழுத்துக்கு நன்றாக நிற்கும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்தபடி விட்டிருக்கிறாய். நம் எழுத்தில் கீ, பீ என்றால் மேலே சுழி, கூ, மூ என்றால் கீழே வால். இரண்டும் இடித்துக்கொள்கின்றன. எழுத்து அளவைப் போல 1.7 மடங்கு வைத்துப் பார், மூச்சு விடும். இரண்டு ஓரமும் சமமாக ஜஸ்டிஃபை செய்திருப்பதையும் எடுத்துவிடு. தமிழில் வார்த்தை நீளம், போன் திரை குறுகல், ஒரு வரியில் இரண்டே வார்த்தை நின்று நடுவில் ஓட்டை விழுகிறது. இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

வெள்ளையில் வெளிர் ரோஜா நிற எழுத்து வேண்டவே வேண்டாம். ரொம்ப வருஷம் முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை யானைத்தந்த நிறத் தாளில் தங்க எழுத்தில் பொடியாக வைத்தேன். வாடிக்கையாளர் ஆசைப்பட்டுக் கேட்டார், நானும் சரி என்றேன். வயசான உறவுக்காரர்கள் சிலர் வேறு மண்டபத்துக்குப் போய்த் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது வெப்சைட்டுகளுக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வைத்திருக்கும் அளவு. அதைச் சோதிக்கும் கருவிகளும் உண்டு. நான் கடற்கரைச் சாலையில் உச்சி வெயிலில் உன் பக்கத்தைத் திறந்தேன், ஒரு வரிகூடத் தெரியவில்லை.

மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றாதே. முதலில் பழையதற்கு ஒரு பிரதி எடுத்து வை. ஒன்றை மாற்று, நோட்டில் தேதி போட்டு எழுது, இரண்டு வாரம் பார், அப்புறம் அடுத்தது. கூகுளின் சர்ச் கன்சோலில் பதிந்துகொண்டால் எந்த வார்த்தையைத் தேடி உன்னிடம் வருகிறார்கள் என்று தெரியும். அவர்கள் தேடுகிற வார்த்தை உன் பக்கத்தில் அப்படியே இருக்கிறதா என்று பார்.

டொமைன், அதாவது உன் வெப்சைட்டின் முகவரி, உன் பெயரில், உன் மெயிலில்தானே இருக்கிறது? என் வாடிக்கையாளர் ஒருவருக்கு வெப்சைட் செய்துகொடுத்தவர் அதைத் தன் பெயரில் வாங்கி வைத்தார். பிறகு ஆளையே பிடிக்க முடியவில்லை, புதுப்பிக்கும் நாள் தாண்டி முகவரியே கைவிட்டுப் போனது. நாளைக்கே பார்த்துவிடு.

சித்தி இன்று சாயங்காலம் வந்து, "நேத்து காட்டினீங்களே, அந்தக் கடை நம்பர் கொடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ விலையையும் நம்பரையும் சரி செய்துவிட்டுச் சொல், மறுபடி அவர் கையில் போனைக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா