குருமாவில் முந்திரி இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சி வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் பந்தி மேற்பார்வை பார்ப்பது என் தொழில். இப்போது ரிசப்ஷன் என்றாலே பஃபேதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாலும் ஒரு பெயர் அட்டை நிற்கும். 'ஷாஹி பனீர்', 'நவாபி குருமா' என்று பெயர்கள் ஜோராக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. மணமக்கள் பெயரைப் பனிக்கட்டியில் செதுக்கி வைக்கச் செலவு செய்கிறார்கள். குருமாவில் முந்திரி இருக்கிறது என்று அட்டையில் ஒரு வரி சேர்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இது நாக்கு ருசி பற்றிய விஷயம் இல்லை. முந்திரியோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒரு வாய் போனாலே உதடு வீங்கலாம், மூச்சு முட்டலாம். "கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஊட்டிவிட, ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பெரியம்மா இருப்பார்.

சமீபத்தில் ஒரு வரவேற்பில் ஒரு தாய் தன் மகனுக்குச் சீலியாக் நோய், கோதுமை கலந்தது எதுவும் ஆகாது என்று சொல்லி, சாம்பாரைப் பற்றிக் கேட்டார். பரிமாறிய பையன், "சாம்பார்ல ஏதுக்கா கோதுமை?" என்றான். அவர் விடவில்லை. நேரே சமையல்கட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைக் கேட்டார். மாஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் இடத்துக்குள் விருந்தாளி வருவதை எந்த மாஸ்டரும் விரும்பமாட்டார். டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் பிசினும் மாவும் சேர்த்ததுதான். அந்தத் தாயின் மகன் அன்று வெறும் சாதமும் தயிரும் சாப்பிட்டான்.

ஒளிந்திருக்கும் இடங்கள் இப்படி நிறைய. பனீர் பட்டர் மசாலா கெட்டியாக இருப்பது முந்திரி விழுதால். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது பலருக்கு நினைவுக்கே வராது. கோபி மஞ்சூரியனின் மேல்மாவில் மைதா, அதில் ஊற்றும் சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை. பூரி பொரித்த எண்ணெயிலேயே அப்பளமும் பொரியும். பூண்டு வெங்காயம் தொடாத ஜைன நண்பர்களை அழைத்துவிட்டு, அவர்களைப் பழத்தட்டோடு அனுப்பும் வீடுகளையும் பார்க்கிறேன்.

பாக்கெட்டில் விற்கும் பிஸ்கட்டில் பால், கோதுமை, கொட்டை வகை இருந்தால் சொல்லியாக வேண்டும். பத்து இடங்களில் கிளை வைத்திருக்கும் ஓட்டல்களும் ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. ஆனால் அந்த ஓட்டல் விதியில் விசேஷ கேட்டரிங்காரர்களுக்கு விலக்கு உண்டு. சரி, சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக நாமும் விட்டுவிட வேண்டுமா?

எங்கள் தொழில்காரர்களிடம் இதைப் பேசினால், "எழுதி வச்சு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையில விழும்" என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. அதனால்தான் சொல்கிறேன்: 'இருக்கிறது' என்பதை மட்டும் எழுதுங்கள். முந்திரி, வேர்க்கடலை, பால், கோதுமை, வெங்காயம்-பூண்டு, இவற்றில் எது சேர்ந்திருக்கிறதோ அது பெயருக்குக் கீழே வந்தால் போதும். 'கோதுமை இல்லை' என்று எழுதும் துணிச்சல், ஒரே கரண்டி நாலு பாத்திரத்தில் புரளும் இடத்தில் வேண்டாம். பாத்திரத்துக்கு ஒரு கரண்டி, அதைக் கவனிக்க ஒரு ஆள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இன்னொன்று, வெல்லமும் பேரீச்சையும் போட்ட இனிப்புக்கு முன்னால் 'ஷுகர் ஃப்ரீ' என்று எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளிகள் அதை நம்பி இரண்டாவது துண்டும் எடுக்கிறார்கள். 'வெல்லம் சேர்த்தது' என்று எழுதினால் அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

வாழையிலைப் பந்தியில் அட்டை வைக்க இடமில்லை. அங்கே சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மெனுவோடு இதையும் எழுதி ஒரு பலகை வைக்கலாம். அப்புறம், பந்தி விசாரிப்பவருக்கு எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மெனு முடிவு செய்ய உட்காரும் அன்று எத்தனை இனிப்பு, எத்தனை கவுண்டர் என்று பேரம் பேசுகிறீர்கள் அல்லவா? அப்போதே ஒவ்வொரு ஐட்டத்திலும் என்ன சேரும் என்று கேட்டு, ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை எப்படியும் அச்சாகப் போகிறது. கூட ஒரு வரிக்கு எந்த கேட்டரிங்காரரும் தனியாகக் காசு கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
ஒரு கேட்டரிங் மேற்பார்வையாளர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.