வேப்பமரத்தடி அண்ணாச்சிக்கு

நேற்றுச் சாயங்காலம் பணி ஆணை கைக்கு வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். ஆவணி மாதம் தொடங்கி எங்கள் வீடு எப்படி இருந்தது என்பது முக்கூடலில் எங்கள் தெருவுக்கே தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அந்த நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு.

அண்ணாச்சி, இது உங்கள் கண்ணில் படுமோ படாதோ. பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானத்தில் பட்டதாரிகளுக்கான வேலைவாய்ப்பு முகாம் நடந்த அன்று, மதியம் இரண்டு மணிக்கு மேல், உங்கள் வேனுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண் நான்தான். காலையிலிருந்து பதினோரு மேசைகளில் வரிசையில் நின்றிருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல் என்றதும் சிலர் பி.எட். இருக்கிறதா என்று கேட்டார்கள். சிலர் நாளைக்கே சென்னைக்கு வர முடியுமா என்றார்கள். அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டு எங்கே போவேன்? வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தபோது, ஃபைலைச் சுற்றி அம்மா கட்டிக்கொடுத்த பீடி நூல் அறுந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், எல்லாம் மண்ணில். பிரித்த புளியோதரைப் பொட்டலத்தை அப்படியே வேன் படியில் வைத்துவிட்டு நீங்கள் ஓடிவந்தீர்கள். ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, வேட்டி நுனியால் மண்ணைத் தட்டிக் கொடுத்தீர்கள். நோட்டை மட்டும் தரவில்லை. விரித்துப் பார்த்தபடியே நின்றீர்கள்.

"இது காற்றுக் கணக்கு அல்லவா, தாயி?"

ஆமாம். மூன்றாம் ஆண்டில் ஆடி மாதம் முழுக்க, கல்லூரி மொட்டை மாடியில் கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியை வைத்து நானும் இரண்டு தோழிகளும் மணிக்கொரு முறை காற்றின் வேகத்தை அளந்து எழுதிய கணக்கு அது. வேலைக்கு உதவும் என்று நான் அதை எடுத்து வரவில்லை. தாள்கள் மடங்காமல் இருக்கட்டும் என்று ஃபைலின் அடியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்கு வெகுகாலம் ஜீப் ஓட்டியதாகச் சொன்னீர்கள். "காற்றாடி சுற்றினால் மட்டும் போதாது தாயி. நாளைக்கு எவ்வளவு சுற்றும் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். அதற்கென்று ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றீர்கள். சொன்னதோடு விட்டிருந்தால் நான் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். நீங்கள் உங்கள் பொட்டலத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை எடுத்து என் ஃபைலுக்குப் போட்டு, "வா" என்று முன்னால் நடந்தீர்கள்.

நீங்கள் கூட்டிப்போனது காற்றாலை மின்சாரத்தைக் கணிக்கும் அலுவலகத்தின் மேசைக்கு. காலையில் நான் நிற்காமல் கடந்துபோன மேசை அது. பலகையில் பி.இ., டிப்ளமோ என்று மட்டும் எழுதியிருந்தது. நாம் போனபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "சார், இந்தப் பிள்ளை ஒரு மாதக் காற்றை எழுதி வைத்திருக்கிறது. ஒரு தடவை பாருங்கள்" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரலில் கெஞ்சல் இல்லை. கிடைக்காத சரக்கைக் கொண்டுவந்தவர் போலச் சொன்னீர்கள். அந்த அதிகாரி நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஓரிடத்தில் மூன்று மணி நேரம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். கிண்ணம் ஒன்று கழன்றுவிட்டது, அளக்காததை எழுதவில்லை என்றேன். பேனாவை எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டார்.

அவர் சொல்லித்தான் தெரியும்: ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக 96 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். அளவுக்கு மேல் பிசகினால் அபராதம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தில் கொஞ்சம் தவறினாலும் மின்சாரக் கணக்கில் அது பெரிய தவறாகிவிடும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்த மும்மடி விதியை வைத்து ஒருவர் குடும்பம் நடத்தலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டு வளர்ந்த ஊர்க்காரி நான். ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே காற்றாடிகளை எண்ணியிருக்கிறேன். அவற்றுக்குப் பின்னால் கணக்கு எழுதும் ஒரு மனிதர் இருப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

திரும்பி வந்தபோது உங்கள் பொட்டலத்தில் எறும்பு ஏறியிருந்தது. "ஒரு டீ குடித்துக்கொள்கிறேன், நீ பஸ்ஸைப் பிடி" என்றீர்கள். பதற்றத்தில் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். பிறகு அலுவலகத்தில் விசாரித்தபோது, அன்றைக்கு வந்தது வாடகை வேன், ஓட்டுநர் யாரென்று தெரியாது என்றார்கள்.

இன்னும் பலருக்குக் கடன்பட்டிருக்கிறேன். காற்றுமானியைத் தந்து, கயத்தாறு காற்றாலை ஆய்வு நிலையத்துக்கும் கூட்டிப்போன பேராசிரியர். காசு வாங்காமல் நகல் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அக்கா. வேலைக்கான தேர்வு நாளில் அம்மாவுக்குத் துணையிருந்து, அவள் பங்கு பீடியையும் சுற்றிக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா. மோர் கொடுத்து வரிசையை ஒழுங்குபடுத்திய மாணவத் தொண்டர்கள். எல்லோருக்கும் நன்றி.

அந்த முகாமை இப்போது நினைத்தால் வேறு மாதிரித் தெரிகிறது. தாவரவியல் படித்த தோழியிடம் திசு வளர்ப்பு வாழைக்கன்று ஆய்வகத்துக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். விலங்கியல் படித்த ஒருவனை இறால் குஞ்சுப் பொரிப்பகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இருவருமே அந்த மேசைகளுக்குத் தற்செயலாகப் போனவர்கள்தாம். பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நானாகவே விலகிப்போன மேசைகள் எத்தனையோ! இனி ஒவ்வொரு வருடமும் முகாம் நடக்கும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த மரத்தடியில் உட்காரும் பிள்ளைகளிடம் ஃபைலின் அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கப்போகிறேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன், அண்ணாச்சி. ரப்பர் பேண்டு ஃபைலில்தான் இருக்கிறது. அம்மா உங்களுக்கு உளுந்தஞ்சோறு பொங்கி நாட்டுக்கோழிக் குழம்பு வைக்க வேண்டும் என்று தினமும் சொல்கிறாள். முக்கூடல் பஸ் நிலையத்தில் இறங்கி, காற்றுக் கணக்கு எழுதிய பிள்ளை வீடு எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வீட்டில் இருப்பேன்.