உனக்குக் கிடைத்த 11 நிமிடம்

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் பேசினால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். பாஸ்கெட்பால் பிராக்டிஸ், காலேஜ் வகுப்பு, பஸ் பயணம் என்று உனக்கு அங்கே அமெரிக்காவில் மூச்சுவிட நேரமில்லை, தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து மெதுவாகப் படி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஆயுசெல்லாம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது.

சனிக்கிழமை ஆட்டத்தை முழுசாகப் பார்த்தோம். அங்கே மாலை ஏழு மணி என்றால் இங்கே மறுநாள் விடிகாலை ஐந்தரை. அம்மா வாசல் தெளிப்பதைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதல் குவார்ட்டர் பாதியில், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற உங்கள் பாயிண்ட் கார்டு இரண்டாவது ஃபவுல் வாங்கினாள் பார், அப்போதே "இப்ப நம்ம புள்ளையக் கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் ஆனவளை உட்கார வைப்பது அந்த ஊர் கோச்சுகளுக்குக் கிட்டத்தட்ட வேதவாக்கு. ஐந்து ஆனால் வெளியே போக வேண்டும் என்பதால், கடைசிக் குவார்ட்டருக்காக அவளைப் பத்திரப்படுத்துகிறார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் நீ மேல்சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்கோரர் மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தாய்.

ஆட்டம் முடிந்த கொஞ்ச நேரத்தில் உன் பெரியப்பா போன். நெட்டில் ஸ்கோர் பார்த்திருக்கிறார். "ஏந்தம்பி, 11 நிமிஷம் ஆடியிருக்கா, ஒரு பாயிண்ட்டுகூட இல்லையே? இங்க இருந்தவரைக்கும் 20, 25-ன்னு போட்டுட்டு இருந்தவளாச்சே?" என்றார். அதே வரிசையில் ப்ளஸ் 7 என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கண்ணா என்றேன். நீ உள்ளே இருந்த நேரத்தில் உங்கள் அணி எதிரணியைவிட 7 பாயிண்ட் கூடுதலாக எடுத்திருக்கிறது என்று விளக்கினேன். "அதுக்கெல்லாம் கப்பு குடுப்பாங்களா?" என்று கேட்டார். அவரிடம் யார் பேசி ஜெயிப்பது!

ஆனால் உன்னிடம் நேராகவே சொல்கிறேன். ஒரே ஆட்டத்து ப்ளஸ்-மைனஸை நம்பிக் கோட்டை கட்டக் கூடாது. நல்லா ஆடுகிற நாலு பேரோடு நின்றாலே அது யாருக்கும் ஏறும். நான் நம்புவது கண்ணால் பார்த்ததை. இரண்டாவது குவார்ட்டரில் எதிரணியின் அந்த இடதுகைக்காரி பந்தைக் கொண்டுவந்தாளே, பந்து அவர்கள் கையிலிருந்த அந்த ஒரு பொசஷனை மட்டும் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். அவளுக்கு முகத்துக்கு நேரே நிற்காமல், அவளுடைய இடதுகைப் பக்கம் அரை அடி தள்ளி நின்றாய். அவள் வேறு வழியில்லாமல் வலது பக்கம் போனாள். உன் வழியை மறித்து ஸ்கிரீன் வைக்க வந்தவளை நீ நெஞ்சால் இடிக்காமல் தோளைத் திருப்பி நழுவினாய். பந்து ஓரத்துக்குப் போய்த் திரும்ப அவளிடமே வந்தது. நீ மறுபடியும் அதே இடத்தில். 30 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும், அந்த ஷாட் கிளாக் நாலு, மூணு என்று இறங்கிக்கொண்டிருக்கிறது, அவள் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தேடுகிறாள். ஹார்ன் அடித்துவிட்டது. 30 விநாடி முடிந்து பந்து உங்களுக்கு.

இப்போது அந்த ஸ்கோர் தாளை எடுத்துப் பார். அந்த 30 விநாடி உன் பெயரில் எங்கேயும் இல்லை. பந்தைப் பறித்த ஸ்டீல் இல்லை, ஷாட்டைத் தடுத்த பிளாக் இல்லை. எதிரணியின் கணக்கில் பொதுவாக, பந்தை இழந்ததாக ஒரு டர்ன்ஓவர், அவ்வளவுதான். ஆனால் கேமரா திரும்பியபோது உங்கள் பெஞ்ச் மொத்தமும் எழுந்து நின்று துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் கோச்சம்மா பக்கத்திலிருந்த உதவிக் கோச்சிடம் ஏதோ சொன்னார். நவம்பரில் ஆட்டம் கைமீறிப் போன பிறகு கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் இறங்கிக்கொண்டிருந்த நீ, இன்றைக்கு ஆட்டம் சமமாக இருக்கும்போது இறங்குகிறாய் என்றால் இதனால்தான்.

நீ இங்கே இருந்தபோது பந்து முழுக்க உன் கையில். மாவட்ட அணியிலும் சரி, ஸ்கூல் அணியிலும் சரி, மற்ற நாலு பேரும் உனக்குக் கொடுப்பதற்கென்றே ஆடினார்கள். நானும் அப்படித்தான் பழக்கினேன். அங்கே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தியும் அவளவள் ஊரில் 25 போட்டவள்தான். கோச்சுக்குப் பாயிண்ட் போட ஆள் பஞ்சமில்லை. எதிரணியின் நல்ல கார்டை நிறுத்த ஆள் பஞ்சம்.

கணக்கைப் போட்டுப் பார். நாலு குவார்ட்டர், பத்துப் பத்து நிமிடம், ஐந்து பேர்: ஒரு ஆட்டத்துக்கு மொத்தம் 200 நிமிடம். முதல் ஐவர் ஆளுக்கு முப்பது எடுத்தால் 150 போயிற்று. மீதி 50. அதை ஆறாவது ஆளிலிருந்து ஒன்பதாவது ஆள் வரைக்கும் பிரிக்க வேண்டும். ஆட்டம் இறுக்கமானால் ஒன்பது எட்டாகிவிடும். இது பாகப்பிரிவினை மாதிரிதான், நிலம் கூடப்போவதில்லை. ஒருத்தருக்குக் கூடினால் இன்னொருத்தருக்குக் குறையும். உனக்கு வந்த 11 நிமிடம் யாரிடமிருந்து போனது என்று உனக்குத் தெரியாமலிருக்காது. அந்தக் கடைசி வருஷத்துப் பெண், போன மாதம் வரைக்கும் உன் இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தவள், டைம் அவுட்டில் உனக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பார்த்தேன். அவளோடு பேச்சு வார்த்தையை விட்டுவிடாதே. அந்த இடதுகைக்காரியை நாலு வருஷமாக எதிர்த்து ஆடியவள் அவள். நீ எங்கே நிற்க வேண்டும் என்று உன்னிடம் சொன்னதே அவளாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பெஞ்சிலிருந்து வருகிறவர்கள் ஆட்டத்தை மாற்றுவதை நீ என்னைவிட அதிகம் பார்த்திருப்பாய். 2024 ஏப்ரலில் கிளீவ்லேண்டில் நடந்த காலேஜ் பெண்கள் இறுதி ஆட்டத்தை விடிய விடியச் சேர்ந்துதானே பார்த்தோம்? அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் குவார்ட்டரிலேயே 18 போட்டதும் நீ "முடிஞ்சதுப்பா, அயோவாதான்" என்றாய். கடைசியில் சவுத் கரோலினா 87, அயோவா 75. சவுத் கரோலினாவில் அன்றைக்கு அதிகம் போட்டது யார்? முதல் வருஷத்துப் பெண் டெஸ்ஸா ஜான்சன், 19 பாயிண்ட், பெஞ்சிலிருந்து வந்து. அவர்கள் பெஞ்ச் மொத்தம் 37, அயோவா பெஞ்ச் பூஜ்யம். அவர்கள் கோச் டான் ஸ்டேலி அந்த வருஷம் முழுக்க எட்டு, ஒன்பது பேரை ஆட வைத்து வளர்த்ததன் பலன் அது. 38 ஆட்டம், ஒன்றிலும் தோற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, அது எனக்கு இதைவிடப் பிடிக்கும். டான்டே டிவின்சென்சோ. 2018 ஆண்கள் காலேஜ் இறுதி ஆட்டத்தில் வில்லனோவாவுக்காக பெஞ்சிலிருந்து வந்து மிச்சிகனுக்கு எதிராக 31 போட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? கால் எலும்பு முறிந்து அந்த சீசனே போய்விட்டது. அரையிறுதியில் எதிரணி ஓக்லஹாமா, அவர்களுடைய பெரிய ஆள் பட்டி ஹீல்டு. பிராக்டிஸில் ஹீல்டு மாதிரி ஆடிக்காட்ட ஒருத்தன் வேண்டும், அந்த வேலை இவனுக்கு. நிஜ ஆட்டத்தில் இவன் இறங்கவே இல்லை. ஹீல்டுக்கு அன்றைக்கு வந்தது 9 பாயிண்ட். வில்லனோவா 44 வித்தியாசத்தில் ஜெயித்தது. நீயும் முதல் வருஷம் முழுக்க வாராவாரம் எதிரணிக்காரி வேஷம் போட்டு ஆடினாய், "வெறும் டம்மி வேலைப்பா" என்று போனில் அழுதாய். இன்றைக்கு ஒவ்வொருத்தியின் ஆட்டமும் உனக்கு மனப்பாடமாக இருக்கிறதே, அது எங்கிருந்து வந்ததாம்?

சரி, இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது குவார்ட்டர். கார்னரில் உனக்குப் பந்து வந்தது, கிட்டே ஆளே இல்லை. நீ ஷாட் போடவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாய். இரண்டு பேர் காத்திருந்தார்கள், பந்து போயிற்று. போகட்டும், யாருக்கும் போகும். ஆனால் அடுத்த விநாடி நீ திரும்பிக் கோச்சைப் பார்த்தாய். ஒரே ஒரு விநாடிதான். அதற்குள் நீ காக்க வேண்டிய ஆள் மூன்று எட்டு முன்னால் போய்விட்டாள், கூடைக்குக் கிட்டே போய் லே-அப் போட்டுவிட்டாள். அடுத்து ஆட்டம் நின்றதும் உன்னை வெளியே எடுத்தார்கள். பந்தை விட்டதற்காக எடுத்தார்கள் என்று நீ நினைத்திருப்பாய். நான் அப்படி நினைக்கவில்லை. திரும்பி ஓடாததற்காக எடுத்தார்கள்.

பெஞ்சைப் பார்க்காதே அம்மிணி. வெளியே எடுப்பது என்றால் எடுத்துவிடுவார்கள், ஹார்ன் அடிக்கும், உனக்குக் கேட்கும். அதுவரைக்கும் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, பந்தோடு உள்ளே நுழைந்த அந்த டிரைவ். அது உன் பழைய ஆட்டம். பூஜ்யத்தைப் பார்த்து உனக்கே கூச்சம் வந்திருக்கும், எதையாவது போட்டுவிட வேண்டும் என்று இருந்திருக்கும். நிமிடம் கிடைக்க ஆரம்பித்ததும் நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எதைச் செய்து உள்ளே வந்தார்களோ அதை விட்டுவிட்டு, எதைச் செய்ய ஆசையோ அதில் இறங்கிவிடுகிறார்கள். கோச்சும் பழையபடி அவர்களை மறந்துவிடுகிறார். ஷாட்டே போடாதே என்று சொல்லவில்லை. கார்னரில் ஆள் இல்லையென்றால் யோசிக்காமல் போடு. அதற்காகத்தான் உனக்கு அங்கே பந்து வருகிறது. ஆள் வந்துவிட்டால் கொடுத்துவிடு. அதற்குமேல் இப்போதைக்கு வேண்டாம். பெரியப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வேறு காலேஜுக்கு மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கிற அந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் விஷயம். உன் ரூம்மேட் சீசன் முடிந்ததும் அதில் பெயர் கொடுக்கப்போகிறாள் என்றாய், உனக்கும் யோசனை ஓடுவது குரலிலேயே தெரிந்தது. காலேஜ் மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்று 2021-ல் விதியை மாற்றியதிலிருந்து ஆளாளுக்குக் கிளம்புகிறார்கள். வேறு காலேஜில் முதல் ஐவரில் இடம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? போவதா வேண்டாமா என்பதை நீதான் முடிவெடுக்க வேண்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் மார்ச் வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்காதே. பாதி மனசோடு டிஃபென்ஸ் ஆட முடியாது. அப்புறம், உன் படிப்பின் கிரெடிட் எத்தனை அங்கே செல்லும் என்று முதலில் கேட்டு எழுது. மற்ற பெண்களுக்கு விளம்பரப் பணம் வருகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேர்க்காதே. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அது வம்பு.

அம்மா பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் தயாராக வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு அண்ணன் மாசக் கடைசியில் சிகாகோ போகிறார், அங்கிருந்து கூரியரில் போடச் சொல்லியிருக்கிறோம். உன் ஹாஸ்டல் முகவரியை இன்னொரு தடவை சரியாக அனுப்பு, போன தடவை பின்கோடு மாறிப் பத்து நாள் சுற்றியது. கணுக்காலில் பேண்டேஜ் கட்டியிருந்தாயே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடது காலா, பழைய இடமா? பிசியோவிடம் காட்டினாயா? இதற்கு மட்டும் இன்றைக்கே பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா